கனவு அணிக்கு ஆள் எடுப்போம்

உலகத்தில் இதுவரை கால்பந்து ஆடிய எல்லோரும், மறைந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இன்றும் ஆடுகிறவர்களும், தங்கள் உச்ச வயதின் உடம்போடு ஒரே மைதானத்தில் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைவர்கள், ஆளுக்கு 11 பேர். ஒருவர் கூப்பிட்ட பெயரை மற்றவர் கூப்பிட முடியாது. யாரை எடுப்பீர்கள்?

பெலே, மரடோனா, மெஸ்ஸி, ரொனால்டோ என்று நான்கு பெயர்கள் சட்டென்று வாயில் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள் பிள்ளைகளே. அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. யார் முதலில் கூப்பிடுவது?

நம் ஊரில் உத்தி பிரிக்கும்போது இந்தச் சிக்கல் வருவதே இல்லை. ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம். யார் வரப்போகிறார் என்று தலைவருக்கே தெரியாது. சமமானவர்களை இணை சேர்த்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் இந்த முறையைப் புது மருந்துகளைச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நம் கனவு அணிக்கு ஆட்களைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். அதனால் முறைவைத்துக் கூப்பிடுவதுதான் வழி.

தலைவர்களுக்கு ‘க’, ‘ச’ என்று பெயர் வைப்போம். எட்டு வீரர்கள் நிற்கிறார்கள். சிறந்தவருக்கு 8 மதிப்பெண், அடுத்தவருக்கு 7, இப்படிக் கடைசி ஆளுக்கு 1. க, ச, க, ச என்று மாறி மாறி எடுத்தால் ‘க’வுக்கு 8+6+4+2, அதாவது 20. ‘ச’வுக்கு 7+5+3+1, வெறும் 16. முதலில் கூப்பிட்டதற்கே நான்கு மதிப்பெண் லாபம்.

அதனால் ‘ச’ அடுத்தடுத்து இரண்டு பேரை எடுக்கட்டும். க, ச, ச, க, மறுபடி க, ச, ச, க. இப்போது இருவருக்கும் 18. சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் உண்மையில் உச்சத்தில் இருப்பவர் அடுத்தவரைவிட ஒரே ஒரு மதிப்பெண்ணா கூடுதல்? பெரிய மேதைகளுக்கு இடைவெளியும் பெரிது. எனவே மதிப்பெண்களை வர்க்கமாக்கிப் பார்ப்போம். 64, 49, 36, 25, 16, 9, 4, 1. அதே வரிசையில் எடுத்தால் ‘க’வுக்கு 106, ‘ச’வுக்கு 98. மறுபடியும் முதல் ஆளுக்கே லாபம்.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. ‘க ச’ என்று எழுதுங்கள். அதைத் தலைகீழாக்கி, ‘க’ இருந்த இடத்தில் ‘ச’, ‘ச’ இருந்த இடத்தில் ‘க’ என்று பக்கத்தில் சேருங்கள். ‘க ச ச க’ கிடைக்கும். அந்த நான்கையும் அதேபோல மாற்றிச் சேருங்கள். ‘க ச ச க ச க க ச’. இந்த வரிசையில் எடுத்தால், வர்க்கமாக்கிய மதிப்பெண்ணிலும் இருவருக்கும் 102. தாளில் போட்டுப் பாருங்கள். நார்வே நாட்டுக் கணித அறிஞர் ஆக்செல் தூ, அமெரிக்கர் மார்ஸ்டன் மோர்ஸ் ஆகிய இருவர் பெயரால் இதைத் தூ–மோர்ஸ் வரிசை என்கிறார்கள். பெனால்டி ஷூட் அவுட்டில்கூட ‘க ச ச க’ முறையை 2017-இல் ஐரோப்பாவில் இளையோர் போட்டிகளில் சோதித்துப் பார்த்தார்கள். குழப்புகிறது என்று அடுத்த ஆண்டே விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, நான் ‘ச’. எதிரணித் தலைவர் முதலில் பெலேயைக் கூப்பிடுவார். 17 வயதில், 1958 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல். 1962, 1970 சேர்த்து மூன்று உலகக் கோப்பைகள். அவரை யார் விடுவார்கள்? அடுத்த இரண்டு முறையும் என்னுடையவை. மரடோனாவையும் மெஸ்ஸியையும் அள்ளிக்கொள்ளலாமே என்பீர்கள். மாட்டேன்.

ஆள் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, “இவர் எவ்வளவு பெரியவர்?” என்பது அல்ல. “இவரை விட்டால் இந்த இடத்துக்கு அடுத்து கிடைப்பவர் எவ்வளவு குறைந்தவர்?” என்பதுதான். கோலடிக்கும் மேதைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் போனால் இன்னொருவர். பின்களத்தில் அப்படி இல்லை. ஆண்டின் சிறந்த ஆண் வீரருக்கான பலோன் தோர் விருது 1956-இல் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் அதை வாங்கிய தடுப்பாட்டக்காரர்கள் மூவர்தான்: பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ. கோல்கீப்பர் ஒரே ஒருவர், லெவ் யாஷின். கோலடிப்பது கண்ணில் படும், தடுப்பது படாது என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த விருதுப் பட்டியலில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 1994 வரை ஐரோப்பியர்களுக்கு மட்டுமே அதைக் கொடுத்தார்கள். பெலேவுக்கும் மரடோனாவுக்கும் ஆடிய காலத்தில் அது கிடைக்காமல் போனதற்கு அதுதான் காரணம். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், அதில் இடம்பெற யாருக்கு அனுமதி இருந்தது என்று முதலில் பாருங்கள்.

ஆகவே என் முதல் இருவர் ஃபிரான்ஸ் பெக்கன்பவரும் லெவ் யாஷினும்.

பெக்கன்பவர் மேற்கு ஜெர்மனிக்காரர். பின்களத்தில் கடைசி ஆளாக நிற்பார். பந்தைப் பறித்ததும் தூக்கி அடித்துத் தள்ளாமல், தானே முன்னால் கொண்டுபோவார். அவரைக் காக்க வேண்டியவர் யார் என்று எதிரணி முடிவு செய்வதற்குள் ஆட்டம் நடுக்களத்தைத் தாண்டியிருக்கும். 1970 உலகக் கோப்பை அரையிறுதியில் தோள்மூட்டு விலகிய பிறகும் கையை உடம்போடு கட்டிக்கொண்டு ஆடினார். 1974-இல் அணித் தலைவராகக் கோப்பையை வென்றார்.

யாஷினைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். கோல்கீப்பரின் வேலை எவ்வளவு கடினம் என்பதை எண்களாகப் பார்த்தால்தான் புரியும். கோல் கம்பங்களுக்கு நடுவில் 7.32 மீட்டர் அகலம், உயரம் 2.44 மீட்டர். பெனால்டிப் புள்ளியிலிருந்து கோடு வரை 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகும். அப்படியானால் கோட்டை அடைய அதற்கு 0.4 நொடி போதும்.

அந்த 0.4 நொடியில் பாதி கண்ணுக்கும் மூளைக்குமே போய்விடுகிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தசைக்குக் கட்டளை போய்ச் சேர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். மீதி 0.2 நொடியில், கையை முழுக்க நீட்டினாலும் உடம்பு கம்பத்தை நோக்கிச் சுமார் 2 மீட்டர் பறக்க வேண்டும். அதாவது நின்ற இடத்திலிருந்து நொடிக்கு 10 மீட்டர் வேகம். உசைன் போல்ட்டின் உச்ச வேகமே நொடிக்குச் சுமார் 12 மீட்டர்தான். அதைத் தொட அவருக்கும் பல எட்டுகள் ஓட வேண்டியிருந்தது. ஆக, பந்தைப் பார்த்துவிட்டுப் பாய்கிற கோல்கீப்பர் மூலைக்குப் போகும் பந்தைப் பிடிக்கவே முடியாது. உதைப்பதற்கு முன்பே, உதைப்பவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஊன்றிய கால் எங்கே காட்டுகிறது என்று படித்து முடிவெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையான ஆய்வு இருக்கிறது. இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளைப் பார்த்துக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 29 பந்துகள் நடுவிலேயே வந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் நின்றது நூற்றுக்கு 6 தடவைதான். சும்மா நின்று கோல் வாங்கினால் ஊரே திட்டும். பாய்ந்து வாங்கினால் முயன்றார் என்பார்கள். அதனால்தான் பாய்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

யாஷின் சோவியத் நாட்டுக்காரர். கறுப்பு உடையில் நின்றதால் அவரைக் கறுப்புச் சிலந்தி என்று அழைத்தார்கள். இளமையில் ஐஸ் ஹாக்கியிலும் கோல்கீப்பராக இருந்தவர். அந்தக் காலத்துக் கோல்கீப்பர்கள் பெரும்பாலும் கோட்டிலேயே நிற்பார்கள். யாஷினோ துணிந்து முன்னால் வருவார். ஏன் தெரியுமா? கோலுக்கு நேர் எதிரே 11 மீட்டரில் ஒருவர் பந்தோடு நிற்கிறார். பந்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் கோடு போட்டால் ஒரு முக்கோணம் வரும். கோல்கீப்பர் அதில் பாதித் தூரம், அதாவது 5.5 மீட்டர் முன்னால் வந்துவிட்டால், அவர் காக்க வேண்டிய அகலம் 7.32 மீட்டரிலிருந்து 3.66 மீட்டராகச் சுருங்கிவிடும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிற வடிவொத்த முக்கோணங்கள்தான் இது. யாஷினுக்கு அது காலில் தெரிந்திருந்தது. 1963-இல் பலோன் தோர் வாங்கினார்.

அடுத்து இடது பின்களத்துக்கு ரொபர்ட்டோ கார்லோஸ். இவரை நான் எடுப்பதற்கு ஒரே ஒரு உதை போதும். 1997 ஜூன் 3, பிரான்சின் லியோன் நகரம். பிரான்சுக்கு எதிராகப் பிரேசிலுக்கு ஃப்ரீ கிக். கோல் சுமார் 35 மீட்டர் தள்ளி இருக்கிறது. இடது காலின் வெளிப்புறத்தால் பந்தை அடித்தார். பந்து தடுப்புச் சுவரைத் தாண்டி வலப்பக்கம் எங்கேயோ போனது. கோலுக்குப் பல மீட்டர் தள்ளி நின்ற பந்து எடுத்துக் கொடுக்கும் பையன், தன் மேல் படப்போகிறது என்று தலையைக் குனிந்தான். பந்து காற்றிலேயே இடப்பக்கம் வளைந்து, கம்பத்தின் உட்புறத்தில் பட்டு உள்ளே போனது. கோல்கீப்பர் பார்தேஸ் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

பந்து எப்படி வளைந்தது? அது வேகமாகச் சுழன்றுகொண்டே போனது. மேலேயிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். முன்னால் போகும் பந்தின் மேல் காற்று எதிரேயிருந்து பின்னோக்கிப் பாய்கிறது அல்லவா? பந்தின் இடப்பக்கத் தோல் சுழலும்போது அதுவும் பின்னோக்கித்தான் நகர்கிறது. காற்றோடு ஒரே திசை. அதனால் அந்தப் பக்கத்துக் காற்று பந்தை விட்டு எளிதில் பிரியாமல், ஒட்டிக்கொண்டே பின்புறம் வரை வளைந்து, வலப்பக்கமாக வீசப்படுகிறது. பந்து காற்றை வலப்பக்கம் தள்ளினால் காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி. ஜெர்மானிய அறிஞர் மேக்னஸ் 1852-இல் இதை ஆராய்ந்ததால் மேக்னஸ் விளைவு என்று பெயர். டென்னிஸ் பந்து வளைவதை நியூட்டனே அதற்கு 180 ஆண்டுகள் முன்பு கவனித்து எழுதியிருக்கிறார்.

ஆனால் பல பேர் பந்தை வளைக்கிறார்களே, இது மட்டும் ஏன் அதிசயம்? பிரெஞ்சு இயற்பியலாளர்கள் சிலர் தண்ணீருக்குள் சிறு பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுழற்றி எய்து பார்த்து, 2010-இல் விடை சொன்னார்கள். போகப் போகப் பந்தின் வேகம் குறைகிறது. சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. வேகம் குறையக் குறைய வளைவு இறுகிக்கொண்டே போகிறது, நத்தை ஓட்டின் சுருள் உள்ளே போகப் போக இறுகுவது போல. இது தெரிய வேண்டுமானால் பந்து நெடுந்தூரம் பறக்க வேண்டும். 20 மீட்டரில் அடித்திருந்தால் அந்தக் கடைசி வளைவு வருவதற்குள் பந்து வலையைத் தாண்டிப் போயிருக்கும். 35 மீட்டரிலிருந்து அவ்வளவு வேகமாக அடிக்கும் கால் இருந்ததால்தான் நாம் அதைப் பார்த்தோம்.

வலது பின்களத்துக்குக் காஃபு, மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டங்களில் ஆடிய ஒரே வீரர். பெக்கன்பவருக்குப் பக்கத்தில் மால்தினி, மிலான் என்ற ஒரே அணிக்காக 902 ஆட்டங்கள். இவர்களுக்கு முன்னால் ஓடி ஓடி இடைவெளிகளை அடைக்க லோத்தார் மத்தேயஸ். இந்த மூவரைப் பற்றி எந்த வாதத்துக்கும் நான் தயார். ஆனால் இன்றைக்கு இடமில்லை.

நடுக்களத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்பது சாவி என்ற வீரரை. உயரம் 1.70 மீட்டர். பெரிய ஓட்டக்காரர் இல்லை. அவருடைய ஆயுதம் கழுத்து. பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். காரணம், நம் கண்ணால் எல்லா இடத்தையும் ஒரே கூர்மையோடு பார்க்க முடியாது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான் மிகத் தெளிவாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். கண்ணைத் திருப்பித் திருப்பித்தான் மூளை முழுப் படத்தையும் சேர்க்கிறது. நார்வேயைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் கெயர் யோர்டெட் வீரர்களின் தலை அசைவுகளைப் படமெடுத்து எண்ணினார். பந்து வருவதற்கு முன் அதிகம் சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகமாகச் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தன. இதை நாளைக்கே உங்கள் மைதானத்தில் பழகலாம், காசு செலவில்லை.

மூளை எவ்வளவு முன்கூட்டிக் கணிக்கும் என்பதற்கு இன்னொரு சோதனை. 2011-இல் ஓர் ஆவணப்படத்துக்காகக் கிறிஸ்டியானோ ரொனால்டோவிடம் பந்தைத் தூக்கி அடித்தார்கள். பந்து பறந்துகொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டார்கள். கும்மிருட்டிலும் அவர் கோல் போட்டார். உதைத்தவரின் உடலசைவையும் பந்தின் முதல் சில மீட்டர்களையும் பார்த்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

மரடோனாவா மெஸ்ஸியா? எதிரணி ஒருவரை எடுக்கட்டும். மிஞ்சுகிறவர் எனக்கு. இருவரும் ஒரே வேலையை ஒரே இயற்பியலால் செய்கிறவர்கள், அதனால்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். மரடோனா 1.65 மீட்டர். மெஸ்ஸி 1.70 மீட்டர், சிறு வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைவுக்குச் சிகிச்சை பெற்றவர். குள்ளமாக இருப்பது இவர்களுக்குக் குறையாக இல்லை, பலமாகவே இருந்தது. ஓர் உடம்பை அதே வார்ப்பில் 1.65-லிருந்து 1.85 மீட்டராகப் பெரிதாக்கினால், அதைச் சட்டென்று திருப்புவதற்கான தடை சுமார் 1.77 மடங்காகிறது. தசையும் பெரிதாகும், ஆனால் அதன் திருப்பும் வலிமை சுமார் 1.41 மடங்குதான் கூடும். ஆக, திரும்பும்போது சிறியவரின் முடுக்கம் கால் பங்கு அதிகம். 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா ஏறக்குறைய 60 மீட்டர் பந்தைக் கொண்டுபோய்ப் போட்ட கோலைப் பாருங்கள். எதிர் ஆட்டக்காரர்கள் ஓட்டத்தில் தோற்கவில்லை, ஒவ்வொருவராகத் திரும்புவதில் தோற்றார்கள்.

வலது ஓரத்துக்குக் காரிஞ்சா. பிறவியிலேயே அவருடைய இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன, இடது கால் சில சென்டிமீட்டர் குட்டை. இடுப்பையும் காலையும் பார்த்துத்தான் எதிராளி அடுத்த அசைவைக் கணிக்கிறார் என்று பார்த்தோம் அல்லவா? நேரான கால்களைப் பார்த்துப் பழகிய கணிப்பு காரிஞ்சாவிடம் பலிக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். வலப்பக்கம்தான் போவார் என்று எல்லோருக்கும் தெரியும், எப்போது என்பது மட்டும் தெரியாது. பெலேயும் காரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஒரு போட்டியில்கூடப் பிரேசில் தோற்றதில்லை. அந்த இணையைப் பிரித்ததே எனக்குப் பெரிய லாபம்.

இனி, கோலடிக்க ஒருவர். இங்கேதான் எண்கள் நம்மை ஏமாற்றும். 1954 உலகக் கோப்பையில் ஹங்கேரியின் கோச்சிஸ் 5 ஆட்டங்களில் 11 கோல் அடித்தார், ஆட்டத்துக்கு 2.2. 1970-இல் மேற்கு ஜெர்மனியின் கெர்ட் முல்லர் 6 ஆட்டங்களில் 10 கோல், ஆட்டத்துக்கு 1.67. கோச்சிஸ்தானே பெரியவர்? அவசரப்படாதீர்கள். 1954-இல் கோல் மழை. 26 ஆட்டங்களில் 140 கோல், ஆட்டத்துக்கு இரு அணியும் சேர்ந்து 5.38. 1970-இல் 32 ஆட்டங்களில் 95 கோல், ஆட்டத்துக்கு 2.97 மட்டுமே. ஒவ்வொருவர் எண்ணையும் அவரவர் காலத்துச் சராசரியால் வகுங்கள். கோச்சிஸ் 0.41. முல்லர் 0.56. வரிசை புரண்டுவிட்டது.

1958-இல் 13 கோல் அடித்த பிரான்சின் ஃபோன்டைன், அதுவும் கடன் வாங்கிய காலணியில், இதே கணக்கில் 0.60 வாங்கி எல்லோரையும் முந்துகிறார். ஆனால் அவர் ஆடியது ஒரே ஓர் உலகக் கோப்பை. கால் முறிவுகளால் 28 வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. ஆறு ஆட்டங்களை வைத்து ஒருவரை எடைபோடுவது அறிவியலில் துணிச்சலான காரியம். முல்லர் நாட்டுக்காக 62 ஆட்டங்களில் 68 கோல் அடித்திருக்கிறார். முல்லரை எடுக்கிறேன், ஃபோன்டைனை நினைத்துக்கொண்டே.

அவரவர் காலத்தவரோடுதான் ஒப்பிட வேண்டும் என்று ஒத்துக்கொண்டால், என் பதினோராவது பெயரை நீங்கள் மறுக்க முடியாது. இடது ஓரத்துக்கு மார்த்தா. பிரேசிலின் இடதுகால்காரர். ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்தவர். 2019-இல் அவர் 17-ஆவது கோலைப் போட்டபோது, ஆண்கள், பெண்கள் இரு உலகக் கோப்பைகளிலும் அவரைவிட அதிகம் அடித்தவர் எவரும் இல்லை. அவருடைய நாட்டில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவதையே சட்டம் தடுத்திருந்தது. பெலேயும் காரிஞ்சாவும் ஆடிய காலம் முழுக்க அந்தத் தடைக்குள் அடங்குகிறது. அந்த நாட்களில் அதே தெருக்களில் ஆடியிருக்கக்கூடிய பெண்களுக்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை. இதைச் சொல்லாமல் எல்லாக் காலத்துக்குமான அணி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அணி தயார். மைதானத்தையும் பந்தையும் தேர்வு செய்யும் உரிமை எனக்குக் கிடைத்தால், மெக்சிகோவின் அஸ்டெக்கா மைதானத்துக்குப் போக மாட்டேன். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து வளைவதும் குறையும், வேகம் தணிவதும் குறையும். ரொபர்ட்டோ கார்லோசுக்கும் நஷ்டம், யாஷினுக்கும் நஷ்டம். கடலோர நகரமான ரியோவின் மரக்கானாதான் எங்களுக்குத் தோது. பந்து, 1970-இன் டெல்ஸ்டார். 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும் சேர்த்துத் தைத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்து. 2010-இன் ஜபுலானி வேண்டவே வேண்டாம். எட்டே துண்டுகளால் ஆன வழவழப்பான பந்து அது. சுழற்சி குறைவாக அடித்தால் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் தள்ளாடும் என்று நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ரபி மேத்தா சோதித்துக் காட்டியிருக்கிறார். 30 மீட்டருக்கு அப்பால் ஃப்ரீ கிக் கிடைத்தால் ரொபர்ட்டோ கார்லோஸ் உதைப்பார். அதற்கு உட்பட்டதென்றால் மரடோனாவோ மெஸ்ஸியோ, எங்களிடம் யார் இருக்கிறாரோ அவர். பெனால்டிக்கு மார்த்தா.